தகரக் குசினி

மூன்று பூக்கள் தரையில் கிடக்கின்றன, சிவப்பாக, நீண்ட பச்சைக் காம்புகளோடு, நான் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன், மாலை நாலு மணி வெயில் முன்கூடத்து வண்ணக் கண்ணாடி யன்னலுக்குள்ளால் வந்து பலகைத் தரையில் வரைகிற பூக்கள் இவை, மிதித்தாலும் காலின் மேல்தான் விழும், பூவுக்கு ஒன்றும் ஆகாது, அது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே முப்பது வருடங்களாகச் சுற்றித்தான் நடக்கிறேன், மலர் அப்படியில்லை, நேரே நடப்பாள், சிவப்பு அவளுடைய பாதத்தில் ஏறிச் சேலைக் கரையில் ஏறி இறங்கும், தவமலர் என்ற முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கலியாணப் பதிவெழுத்து அன்றைக்கு மட்டும்தான், பிறகெல்லாம் மலர், அவள் இந்தக் கூடத்துக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்ததும் இதே வெயில் நேரம், வீடு விற்கிறவன் எங்களுக்கு முன்னால் பேசிக்கொண்டே போகிறான், கூரை ஒழுகுகிறது, சுவருக்குள் ஈரம், ஆறு மாதமாக யாரும் கேட்கவில்லை, அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கும் எட்டுகிற விலை என்கிறான், நான் அவனைக் கேட்கவில்லை, கதவு நிலையைத் தடவிக்கொண்டு நிற்கிறேன், பொருத்துகளில் ஆணி இல்லை, மரமுளை அடித்திருக்கிறார்கள், உத்திரத்தில் உளி போன தடம் அப்படியே தெரிகிறது, இழைத்து மறைக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் கட்டிடத் திணைக்களத்தில் பதினொரு வருடம் படவரைஞனாக இருந்தவன் நான், சிட்னிக்கு வந்து ரொட்டித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன், என் கை அந்த உளித் தடத்தில் போனபோது அது மறுபடியும் ஒரு படவரைஞனின் கை ஆகிவிட்டது, மலர், இஞ்ச பாரும், இது ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொண்டில கட்டினது, இதை ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் வீடு எண்டு சொல்லுவினம், யந்திரத்தில செய்த அலங்காரமெல்லாம் வேண்டாம் எண்டு சொல்லிச் சில பேர் கையால கட்டின வீடுகள், செய்தவன்ர கை தெரிய வேணும், அதுதான் அவையின்ர கொள்கை. அவள் ஆறு வயது ஆரணியை இடுப்பில் சுமந்தபடி என் முகத்தைத்தான் பார்த்தாள், வீட்டைப் பார்க்கவில்லை, உங்களுக்குப் பிடிச்சிருக்கெல்லே, பிறகென்ன, என்றாள்.

எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று அவள் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை, உரும்பிராயில் நானே படம் வரைந்து கட்டிய வீட்டில் அவளும்தானே குடியிருந்தாள், ஒன்பது மாதம், எண்பத்தேழு தையில் குடிபுகுந்தோம், ஐப்பசியில் ஒரு காலை ஷெல் விழுந்தது, பதுங்குகுழிக்குள்ளிருந்து ஏறி வந்து பார்த்தால் வானம் அறைக்குள் வந்து நிற்கிறது, நான் உடைந்த சுவரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிறேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஆரணி வயிற்றில் ஐந்து மாதம், மலர் அந்த வயிற்றோடு மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்துக் கொண்டுவந்து என் கையில் தருகிறாள், குடியுங்கோ, சூடு ஆறுது, அவளுக்கு மூன்று செங்கல் போதும், எங்கேயும் குடும்பம் நடத்துவாள், எனக்கு ஒரு வீடு வேண்டும், உடையாத வீடு, யாரோ கவனமாகக் கட்டி யாரோ கவனமாகக் காத்து என் கையில் முழுசாகத் தந்த வீடு, அதை நான் உடையாமல் வைத்திருக்க வேண்டும். அப்படித்தான் தொடங்கியது, முதலில் கூரை, ஓடு ஓடாகக் கழற்றி அதே ஓட்டைத் திருப்பிப் போட்டேன், பிறகு சுவர்ப் பலகைகளுக்கு எண்ணெய், ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய், பிறகு சட்டங்கள், கட்டிடச் சட்டமல்ல, என் வாயிலிருந்து வந்த சட்டங்கள், மலர், சுவரில ஆணி அடியாதையும், சாமிப் படத்தை மேசையில வைக்கலாம், மலர், ஈரக் கையைப் பலகையில வையாதையும், ஆரணி, அந்த அடுப்படி வாங்கில ஏறாதை பிள்ளை, அது கூடத்துக் கணப்படுப்பின் இரண்டு பக்கமும் சுவரோடு சேர்த்துச் செய்த மரவாங்கு, குளிர்காலத்தில் வீட்டுக்காரர் எல்லாரும் நெருப்பைச் சுற்றி இருந்து கதைக்க வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்திருந்தார்கள், அதில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து இருந்ததாக ஒரு ஞாபகமும் எனக்கு இல்லை.

ஒரு சனிக்கிழமை அவள் உள்குசினியில் சூடை மீன் பொரித்தாள், நான் வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், மணம் கூடம் வரைக்கும் வந்துவிட்டது, சாப்பாட்டறைப் பலகையில் விரலை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு, எனக்கு அப்படித் தோன்றியதோ உண்மையாகவே இருந்ததோ, துணியை எடுத்துப் பின்னேரம் முழுக்கத் துடைத்தேன், மீன் தட்டில் ஆறிப்போய்க் கிடந்தது, அடுத்த கிழமை தகரமும் மரக்கம்பும் வாங்கி வந்து வீட்டின் பின்சுவரோடு ஒரு சாய்ப்பு இறக்கினேன், பத்தடிக்கு எட்டடி, மூன்று பக்கமும் பிளாஸ்டிக் தகடு, ஒரு காஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, என் வாழ்க்கையில் நான் படம் வரையாமல் கட்டிய ஒரே கட்டிடம் அதுதான். மலர் வாசலில் நின்று பார்த்தாள், எனக்கு வெளியிலயோ, என்று மட்டும் கேட்டாள், நான் சொன்னேன், எண்பது வருசத்துக்கு மேல இந்த வீடு இப்பிடியே நிண்டிருக்கு மலர், நாங்கள் வந்து கெடுத்ததா இருக்கக் கூடாது, அவள் தலையாட்டினாள், சட்டி பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனாள், பிறகு அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை, இருபத்தெட்டு வருடங்கள், சிட்னியில் குளிர் கடிக்கிற ஆடியிலும் என் பழைய தொழிற்சாலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கேதான் நிற்பாள், எனக்குச் சாப்பாடு சாப்பாட்டறைக்கு வரும், மூடிய கோப்பையில், சூடாக, நேரத்துக்கு.

தாயும் மகளும் அங்கேயே சாப்பிட்டார்கள், ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்ததும் நேரே பின்பக்கம், புத்தகமும் அங்கே, சண்டையும் அங்கே, பிறகு பல்கலைக்கழகம் போகிற வயதிலும் அங்கே கிடந்த குந்தியில், அந்தச் சின்ன முக்காலியில் இருந்து தேத்தண்ணி, நான் சாப்பாட்டறையில் தனியாக இருப்பேன், பின்யன்னல் கொஞ்சம் திறந்திருக்கும், அந்த வழியால் சிரிப்பு வரும், முதலில் ஆரணியின் சிரிப்பு, அதை முந்திக்கொண்டு மலரின் சிரிப்பு, மூச்சு வாங்க, ஐயோ போதும் பிள்ளை என்று கெஞ்சுகிற சிரிப்பு, என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்காது, மழை நாளென்றால் தகரத்தில் மழை விழுந்து அதுவும் கேட்காது, நான் எழும்பிப் போகலாம், பத்து எட்டு எடுத்து வைத்தால் பின்கதவு, போனால் சிரிப்பு நின்றுவிடும், ஒருமுறை அப்படி நின்றது, என்னப்பா, ஏதும் வேணுமோ, என்று ஆரணி கேட்டாள், தண்ணி, என்று சொல்லி ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன், இப்போதும் சில மத்தியானங்களில் கதிரையில் கண்ணயரும்போது அந்தக் கதவை நோக்கி நடக்கிறேன், நடக்க நடக்கச் சாப்பாட்டறை நீளுகிறது, பலகைச் சுவர்கள் இரண்டு பக்கமும் மினுங்கிக்கொண்டு கூடவே வருகின்றன, சிரிப்புக் கேட்கிறது, கதவு அதே தூரத்தில் நிற்கிறது, விழித்தால் மணி மூன்று, வீடு அமைதி, எண்ணெய் மணம்.

அவள் விழுந்ததும் அங்கேதான், இரண்டு வருடத்துக்கு முந்தின ஆனி மாதம், காலை பத்து மணி இருக்கும், தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், மூளைக்குள் இரத்தம் கசிந்ததாகப் பிறகு டாக்டர் சொன்னார், நான் முன்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வாங்குக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன், இரட்டைச் செங்கல் சுவர், கனத்த கதவு, நல்ல வேலை, ஒரு சத்தமும் கேட்கவில்லை, தேத்தண்ணி ஏன் இன்னும் வரவில்லை என்று போய்ப் பார்த்தேன், எத்தனை நிமிஷம் அவள் அப்படிக் கிடந்தாள் என்று ஆஸ்பத்திரியில் ஆரணி கேட்டாள், எனக்குத் தெரியவில்லை, தெரியேல்லையோ, என்று அவள் திருப்பிக் கேட்டாள், மூன்றாம் நாள் மலர் போய்விட்டாள், செத்த வீடு முடிந்த பிறகு ஆரணி இந்த வீட்டின் முன்கதவைத் தாண்டி உள்ளே வந்ததில்லை, ஞாயிறு தவறாமல் வருவாள், பக்கவாட்டு வழியால் பின்பக்கம் போவாள், தகரக் குசினியில் எனக்கு ஒரு கிழமைக்கான சமையல் நடக்கும், டப்பாக்களைப் பின்படியில் அடுக்கி வைப்பாள், அப்பா, எடுத்து உள்ளுக்கு வையுங்கோ, என்பாள், வாவன் பிள்ளை உள்ளுக்கு, என்பேன், இல்லை அப்பா, நேரமாகுது.

அந்த நாட்களில்தான் தெரு இடியத் தொடங்கியது, எங்களுக்கு இடப்பக்கம் இரண்டு வீடு, எதிரே ஒன்று, ஒரே காலத்தில் கட்டியவை, ஒரு காலையில் யந்திரம் வந்து நிற்கும், பின்னேரம் ஓட்டுக் குவியல், பிறகு ஆறு மாடி, நான் செத்தால் இதுவும் அப்படித்தான், நகரசபைக்கு நாலு கடிதம் எழுதினேன், மரபு வீட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டால் யாரும் இடிக்க முடியாது, ஐந்தாவது மாதம் எலேனி என்ற பெண் வந்தாள், சபைக்காக மரபு மதிப்பு எழுதுகிறவள், கிரேக்கத் தகப்பனின் மகள், நாற்பது வயது இருக்கும், கையில் ஒரு டார்ச்சும் அளவு நாடாவும், மூன்று நாள் வந்தாள், உத்திரத்தைப் பார்த்தாள், யன்னல் பூக்களைப் பார்த்தாள், கணப்படுப்பின் செம்பு மூடியில் சுத்தியல் தடங்களை விரலால் எண்ணினாள், சுவர்களில் டார்ச்சை அடித்துப் பார்த்தாள், ஒரு ஆணித் துளைகூட இல்லையே, இவ்வளவு பழைய வீடு ஒன்றை இப்படி நான் பார்த்ததில்லை, எப்படிக் காப்பாற்றினீர்கள், என்று கேட்டாள், என் நெஞ்சு நிரம்பிவிட்டது, முப்பது வருடமாக யாராவது வந்து இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவன் போல நின்றேன், எண்ணெய், ஒவ்வொரு ஞாயிறும், என்றேன். அறிக்கையின் வரைவு வந்தது, அறுபது பக்கம், வீட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு தரம், மிக உயர்வு, உயர்வு, நடுத்தரம், குறைவு, அதற்கும் கீழே ஒரு தரம் இருந்தது, இடையூறு, வீட்டின் மதிப்பைக் கெடுப்பவை, அகற்றப்பட வேண்டியவை, அதன் கீழே ஒரேயொரு வரி, பின்பக்கத் தகரச் சாய்ப்பு, தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மதிப்பு இல்லை. அதற்கு இரண்டு பக்கம் முன்னால் இன்னொரு வரி, இவ்வீட்டின் அரிதான முழுமைக்குத் தற்போதைய உரிமையாளரின் முப்பதாண்டுப் பராமரிப்பே காரணம்.

ஞாயிற்றுக்கிழமை அதை ஆரணியிடம் காட்டினேன், ஏன் காட்டினேன், சந்தோசப்படுவாள் என்றா, அவள் தகரக் குசினியின் வாசலில் நின்று கரண்டியைக் கையில் வைத்தபடி வாசித்தாள், மதிப்பு இல்லையாம், என்றாள், அவையளுக்கு அது தெரியாது பிள்ளை, என்றேன், உங்களுக்குத் தெரியுமோ அப்பா, என்று கேட்டாள், குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது, நீங்கள் ஒருநாள் இதுக்குள்ள இருந்து சாப்பிட்டிருக்கிறியளோ, அம்மா இருபத்தெட்டு வருசம் நிண்ட இடம், நீங்கள் கட்டின இடம், ஒருநாள், ஒரு வாய், என்றாள், டப்பாக்களை மூடி அடுக்கினாள், கார் போகிற சத்தம் கேட்டது, பிறகு இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை, கடையில் பாண் வாங்கிச் சாப்பிட்டேன், சாப்பாட்டறையில், மினுங்குகிற சுவர்களுக்கு நடுவே.

எலேனிக்குப் போன் எடுத்தேன், அந்த ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றேன், எந்த வரி, தகரச் சாய்ப்பு, அவள் தயங்கினாள், அது வெறும் தகரம், ஐயா, கட்டிடமாக அதற்கு நான் எதுவும் சொல்ல முடியாது, மனிதர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று சொன்னால் சமூக மதிப்பு என்ற தலைப்பில் சபைக்கு முன் வைக்கலாம், ஆனால் நீங்கள்தான் எழுத வேண்டும், நீங்கள்தான் வாசிக்க வேண்டும், மூன்று நிமிஷம். ஒன்பது நாள் எழுதினேன், முதலில் தமிழில், பிறகு இங்கிலிஸில், படம் வரைகிற பென்சிலால், அழித்து அழித்து, நான் வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பென்சில் அவளிடம் போனது, அவள் வாழைக்காய் சீவுகிற விதம், குளிரில் சிவந்த விரல் முட்டிகள், கோட்டின் கை நீளமாக இருந்ததால் இரண்டு மடிப்பு மடித்திருப்பாள், இவையெல்லாம் யன்னல் வழியாகப் பார்த்தவை, எல்லாம் தூரத்திலிருந்து.

சபை மண்டபத்தில் பின்னேரக் கூட்டம், ஒன்பது உறுப்பினர்கள், நீளமான மேசை, என் பெயரை அவர்களால் சொல்ல முடியவில்லை, நான் எழும்பி நின்றபோது கடைசி வரிசையில் ஆரணி இருப்பதைக் கண்டேன், வரச் சொல்லி நான் கேட்கவில்லை, எலேனி சொல்லியிருக்கலாம், தாளை விரித்து வாசித்தேன், இந்த வீட்டில் ஒரு ஆணியும் இல்லை என்று அறிக்கை பாராட்டுகிறது, அதற்கு நான் காரணம் அல்ல, என் மனைவி தவமலர் காரணம், சமையல் செய்கிறவளை நான் வெளியே அனுப்பினேன், அவள் போனாள், நீங்கள் மதிக்கிற ஒவ்வொரு பலகையும் அவள் வெளியே நின்றதால்தான் மினுங்குகிறது, போரில் ஒரு வீட்டை இழந்தவன் நான், இன்னொன்றை இழக்கப் பயந்தேன், அந்தப் பயத்தில் வீட்டைக் காப்பாற்றி வீட்டுக்காரியை வெளியே விட்டேன், இருபத்தெட்டுக் குளிர்காலம் அவள் அந்தத் தகரத்தின் கீழே அழுதுகொண்டு நின்றிருப்பாள், நான் போய்ப் பார்க்கவில்லை, முன்பக்கத்தை நீங்கள் காப்பாற்றினால் பின்பக்கத்தையும் காப்பாற்றுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அறிக்கையில் பாதிதான் உண்மை. மணி அடித்தது, நான் தாளை மடித்தேன், யாரோ மெதுவாக நன்றி சொன்னார்கள், வாக்கெடுத்தார்கள், வீடு பட்டியலில் சேர்ந்தது, ஒன்பது பேரும் கை உயர்த்தினார்கள், சாய்ப்பைப் பற்றித் தலைவர் கனிவாகத்தான் சொன்னார், மிகவும் மனத்தைத் தொட்டது, ஆனால் அளவுகோலை எட்டவில்லை, எனக்குப் பின்னால் வருகிறவர்கள் அதை அகற்றலாம், நான் இருக்கும்வரை இருக்கலாம், எலேனி என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள், இத்தனை வருடம் நான் கேட்டது கிடைத்துவிட்டது, கை இரண்டும் வெறுமையாக இருப்பது போல இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் ஆரணி எனக்காக நின்றாள், பிழையா எழுதியிருக்கிறியள் அப்பா, என்றாள், எது பிள்ளை, அம்மா அழுதுகொண்டு நிண்டவ எண்டு எழுதியிருக்கிறியள், அவ அழேல்லை, முதல் வருசம் அழுதிருப்பா, எனக்குத் தெரியாது, நான் சின்னப்பிள்ளை, பிறகு அது அவவின்ர இடம், உங்களைக்கூட விடமாட்டா, இஞ்ச எனக்கு ஒரு சட்டமும் இல்லை பிள்ளை எண்டு சொல்லுவா, கம்பெல்லாம் ஆணி அடிச்சு வைச்சிருக்கிறா, நீங்கள் பாக்கேல்லையோ. நான் பார்க்கவில்லை. முதல்ல நீங்கள் வருவியள் எண்டு ஒரு குந்தியும் வாங்கி வைச்சவ, வரேல்லை எண்டதும் அதில வெங்காயக் கூடையை வைச்சிட்டா, அவ்வளவுதான், என்றாள், எனக்கு அவள் சொன்னது தண்டனையா மன்னிப்பா என்று விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கியிருக்காது, வாறன் ஞாயிற்றுக்கிழமை, என்று கார்க் கதவைத் திறந்தாள்.

வந்தாள், நெத்தலியும் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு வந்தாள், நான் பின்கதவால் இறங்கித் தகரக் குசினியின் வாசலில் நின்றேன், உள்ளே போகக் கால் கூசியது, அவள் வெங்காயக் கூடையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுக் குந்தியைத் துடைத்து என் பக்கம் தள்ளினாள், இருந்தேன், முழங்கால் நெஞ்சுக்கு வந்தது, மரக்கம்புகளெங்கும் ஆணிகள், அவள் சொன்னது போலவே, கோணலும் நேருமாக, ஒன்றில் முருகன், ஒன்றில் பழைய நாட்காட்டி, ஒன்றில் ஆரணி எட்டாம் வகுப்பில் வரைந்த குதிரை, ஒன்றில் கரண்டி, ஒன்றில் ஒன்றுமில்லை, எண்ணெயில் நெத்தலி பொரிந்தது, புகை என் சட்டையில் ஏறியது, நான் கேட்டேன், பிள்ளை, இதுக்குள்ள இருந்து என்ன கதைச்சுச் சிரிச்சனீங்கள், எனக்கு உள்ளுக்குக் கேக்கும், சொல்லு விளங்காது, இத்தனை வருசமா அதை அறியவேணும் எண்டு கிடக்கு. ஆரணி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள், தோள் லேசாகக் குலுங்கியது, அழுகிறாளோ என்று பயந்தேன், திரும்பினாள், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள், உங்களைப் பற்றித்தான், என்றாள், அம்மா உங்களை மாதிரி நடிச்சுக் காட்டுவா. எப்பிடி, என்றேன். வேண்டாம் அப்பா. காட்டு பிள்ளை. அவள் கரண்டியை வைத்தாள், முதுகை நிமிர்த்தினாள், நாடியைத் தூக்கினாள், ஒரு விரலை நீட்டினாள், அந்த விரல் என்னுடையது, ஆனால் குரல் என் குரல் அல்ல, ஆரணியின் குரலும் அல்ல, என் குரலைப் போலக் கனக்கச் செய்யப் பார்த்து முடியாமல் நடுவில் உடைகிற மலரின் குரல், அப்படியே அதே இழுவை, அதே மூச்சு, மலர், ஈரக் கையைப் பலகையில வையாதையும், பலகைக்குத் தடிமன் பிடிச்சுத் தும்மத் தொடங்கிடும், பிறகு ஆர் அதுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிறது. நான் சிரித்தேன், முதலில் சத்தமில்லாமல், பிறகு தகரம் அதிர, இருமல் வந்து கண்ணீர் வழிய, ஐயோ போதும் பிள்ளை என்று சொல்லப் போய் நிறுத்திக்கொண்டேன், போதாது, இன்னொருக்காச் செய், என்றேன், ஆரணி நெத்தலியைத் தட்டில் அள்ளி என் மடியில் வைத்தாள், நிறையக் கிடக்கு அப்பா, இருபத்தெட்டு வருசத்துக்குக் கிடக்கு, ஆற முதல் சாப்பிடுங்கோ, என்றாள், தானும் ஒரு குந்தியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே இருந்தாள்.